கடனுக்கு ஈடாய்ப் போன நாடு

படை நடத்தி நாடு பிடித்தவர்களின் வரலாற்றை நாம் நிரம்பப் படித்திருக்கிறோம். கணக்கேட்டைக் கையிலேந்தி வந்து நாடு பிடித்த வரலாறும் ஒன்றுண்டு. அது எகிப்தில் நிகழ்ந்தது.

1863இல் ஆட்சிக்கு வந்த இஸ்மாயீல் பாஷா பேராவல் கொண்டவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் விளைவாக எகிப்தியப் பருத்தி பொன் விலை பெற்ற காலம் அது. அந்த வருவாயை நம்பி இருப்புப் பாதைகளும் பாசனக் கால்வாய்களும் கண்டார். 1865இல் போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது, கடனோ வளர்ந்தது. 1873ஆம் ஆண்டுக் கடனில் பத்திரத்தில் எழுதிய தொகை 3 கோடியே 20 லட்சம் பவுன். கைக்கு வந்ததோ ஏறத்தாழ 2 கோடிதான். வட்டி மட்டும் எழுதிய தொகை முழுமைக்கும்!

குடியானவர்களின் கட்டாய உழைப்பும் சிந்தப்பெற்று உருவான சூயஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த 1,76,602 பங்குகளை, 1875இல் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டன் வாங்கிக்கொண்டது. அதுவும் போதவில்லை. 1876இல் தவணை நின்றது. கடன் கொடுத்தோரின் ஆணையம் கெய்ரோவில் வந்தமர்ந்தது. 1879இல் இஸ்மாயீல் பதவியிழந்தார். மறு ஆண்டின் சட்டம் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதியைக் கடனுக்கென ஒதுக்கியது. கொதித்தெழுந்த அஹ்மத் உராபியின் படை 1882இல் தெல்லுல் கபீரில் தோற்றது. அன்று புகுந்த பிரிட்டிஷ் படை முற்றாக வெளியேறியது 1956இல்!

இஸ்மாயீலின் ஊதாரித்தனத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கையெழுத்திட்டவர் மன்னர். வரி செலுத்தியவன் நைல் நதிக்கரை உழவன். அவனை யார் கேட்டார்கள்?

கடன் கொடுத்தோர் மனம் வைத்தால் வேறு வழியும் பிறக்கும். 1953இல் லண்டன் உடன்படிக்கை மேற்கு ஜெர்மனியின் கடனில் ஏறத்தாழப் பாதியைத் தள்ளுபடி செய்தது. அந்நாடு தலைநிமிர்ந்தது.

நொடித்துப்போன வணிகனுக்கு நீதிமன்றம் உண்டு. நொடித்துப்போன நாட்டுக்கு இன்றும் இல்லை. 2015இல் ஐ.நா. பொதுச்சபை நாடுகளின் கடன் சீரமைப்புக்கான நெறிகளை 136 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்த நாடுகள் 6 மட்டுமே. எனினும் அந்நெறிகள் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. 2020இல் தவணை தவறிய ஸாம்பியா, பத்திரம் வைத்திருந்தோரோடு உடன்பாடு காண 2024 வரை காத்திருந்தது.

கடனைத் திருப்பித் தருவது கடமை, நாம் மறுக்கவில்லை. கொடுத்தவனே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் அமர்வது நீதியாகுமா? எகிப்தின் வரலாறு எழுப்பும் வினா இதுவே.