இருளில் பார்த்தல்: வேட்டை விளக்கும் வெப்பப் படக்கருவியும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர், இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். இலுப்பை எண்ணெய் ஒரு காலத்தில் கோயில்களிலும் வீடுகளிலும் விளக்கெரித்தது. அந்த வெளிச்சம் வாசலைத் தாண்டாது. இருட்டில் விலங்கைத் தேடியவர்களுக்குத் தீப்பந்தமும், பின்னாளில் பேட்டரி விளக்கும் வேண்டியிருந்தன.

விளக்கு வேட்டையின் சூட்சுமம் விலங்கின் கண்ணில் இருக்கிறது. மான், நரி, காட்டுப்பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. வெளிச்சம் பட்டதும் கண் மின்னும், இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆனால் விளக்கைப் பிடித்தவரும் வெகுதூரத்துக்குத் தெரிவார். வனக்காவலருக்கு அதுவே துப்பு.

வெப்பப் படக்கருவிக்கு வெளிச்சமே தேவையில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வைத்த வெப்பமானி ஏறுவதைக் கண்டு அகச்சிவப்புக் கதிர்களை அறிந்தார். 1880 அளவில் சாமுவேல் லாங்லி உருவாக்கிய போலோமீட்டர், கால் மைல் தொலைவில் நிற்கும் பசுவின் வெப்பத்தையும் உணரும் என்று சொல்லப்படுவதுண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜெர்மானியர் துப்பாக்கியில் பொருத்திய ‘வாம்பிர்’ கருவி இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதற்கு அகச்சிவப்பு விளக்கு வேண்டும். ஆகவே அதுவும் ஒருவகை விளக்கு வேட்டையே.

37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உடல், சுமார் 9 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசுகிறது. சாதாரணக் கண்ணாடி இதைத் தடுத்துவிடும். எனவே லென்ஸுகள் ஜெர்மானியத்தால் செய்யப்படுகின்றன. விலை உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம். முன்பு உணரிகளைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்க வேண்டியிருந்தது. 1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் குளிர்விக்கத் தேவையில்லாத உணரியை உருவாக்கியது. 1992-இல் அதன் இராணுவ இரகசியம் விலகியபின் கருவி கைக்கடக்கமாகி, வேட்டைக்காரர்களையும் எட்டியது. புதுக்கோட்டைப் பாறைப் பகுதிகளில் இதற்கும் ஒரு தடை உண்டு: பகலில் காய்ந்த பாறை முன்னிரவிலும் சூடாக இருப்பதால், விலங்கு தனித்துத் தெரிவது கடினம். விடியலுக்கு முன்புதான் படம் தெளியும்.

அமெரிக்காவின் டெக்சாஸில் தனியார் நிலங்களில் காட்டுப்பன்றிகளை இக்கருவி கொண்டு இரவில் சுடலாம். இந்தியாவில் நிலைமை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செயற்கை ஒளியில் வேட்டையாடுவதைக் கட்டுப்படுத்தியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு உரிமம் பெற்று வேட்டையாடும் முறையே முடிவுக்கு வந்தது. கருவி கடைக்கு வருமுன்னரே சட்டம் வந்துவிட்டது நல்லதாயிற்று. விளக்கில்லாத வேட்டைக்காரரை இருட்டில் யார் கண்டுபிடிப்பது?

அதனால் தமிழ்நாட்டில் இக்கருவி காவலுக்கே பெரிதும் பயன்படுகிறது. தெளிவான எடுத்துக்காட்டு கோயம்புத்தூர் மாவட்டத்து மதுக்கரை. அங்கே கேரளம் செல்லும் ரயில் பாதை யானைகளின் வழித்தடத்தைக் கடக்கிறது. 2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அப்பாதையோரம் 12 கோபுரங்களில் வெப்பப் படக்கருவிகளையும் சாதாரணக் கேமராக்களையும் நிறுவியது. யானை பாதையை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு அதை அடையாளம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கிறது. அங்கிருந்து ரயில்வேக்கும் வனப் பணியாளர்களுக்கும் செய்தி போகிறது. ரயில் வேகத்தைக் குறைக்க, பணியாளர்கள் யானைகளைத் தண்டவாளத்திலிருந்து விலக்கி அனுப்புகிறார்கள்.