மெய்நிகராக்கம்

மெய் + நிகர் + ஆக்கம். மெய் என்பது உண்மை. நிகர் என்பது ஒப்பு. உண்மைப் பொருளுக்கு ஒப்பாகச் செயல்படும் ஒன்றை உருவாக்குதல் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘விர்ச்சுவல்’, ஆற்றலைக் குறிக்கும் லத்தீன் ‘விர்ட்டஸ்’ வழி வந்தது.

கணினித் துறையில், ஒரே சர்வரின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை மென்பொருளால் பகிர்ந்து, தனித்தனி இயங்குதளம் கொண்ட பல சர்வர்களாக இயக்குவதே மெய்நிகராக்கம். 1972-இல் ஐபிஎம் அறிவித்த விஎம்/370 இதன் முன்னோடிகளுள் ஒன்று.

மெய்நிகராக்கத்தால், சர்வரில் சும்மா கிடக்கும் திறன் வேலைக்கு வருகிறது. மின்சாரமும் குளிரூட்டும் செலவும் மிச்சம். சென்னை அம்பத்தூரில் உள்ளவை போன்ற தரவு மையங்களில், பழுதுபார்க்க வேண்டிய இயந்திரத்திலிருந்து மெய்நிகர் சர்வரை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னோர் இயந்திரத்துக்கு மாற்றிவிடலாம். வெயில் கொளுத்தும் சென்னைக்கு இந்தச் சிக்கனம் மிகத் தேவை.