கிமோனோவும் சாந்தோம் வரித்துணியும்

கிமோனோ என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு ‘உடுக்கும் பொருள்’ என்பதே நேர்பொருள். மேனாட்டு உடை பரவிய மெய்ஜி காலத்தில் (1868–1912) இப்பொதுச்சொல் பழைய உடையை மட்டும் சுட்டும் சிறப்புச்சொல்லாயிற்று. அதற்கு முன்னர்க் கொசோதே என்னும் சொல்லே பெருவழக்கு. கொசோதே என்பது ‘சிறுகை’ எனப் பொருள்படும். மணிக்கட்டு வெளிப்படும் வாய் சிறிதாதலின் வந்த பெயர் அது. ஹெயான் காலத்தில் (794–1185) அரண்மனை மகளிர் அடுக்கடுக்காக அணிந்த பேருடைகளுள் மறைந்து கிடந்த உள்ளாடை, முரொமாச்சி காலத்தில் (1336–1573) வெளியுடையாக உயர்ந்தது. உடை வரலாற்றில் இத்தகைய ஏற்றம் அரிதன்று.

இவ்வுடையின் அமைப்பு தமிழ் பயில்வார் உளங்கொளத் தக்கது. ஏறத்தாழ 36 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உடைய ஒரே துணிச்சுருளிலிருந்து, பெரும்பாலும் நேர்கோடாகவே வெட்டி, உடற்பகுதி இரண்டு, கை இரண்டு, முன்மடிப்பு இரண்டு, கழுத்துப்பட்டை என எடுத்துத் தைப்பர். நல்ல பட்டாடையை வெளுக்கும்பொழுது தையலைப் பிரித்துத் துண்டுகளை மீண்டும் ஒரே நீளமாக இணைத்துக் கழுவி, விறைப்பேற்றி, இழுத்து உலர்த்துவதும் உண்டு. நம் மொழியில் துணி, அறுவை, கூறை என்னும் சொற்கள் வெட்டுதலையும் கூறுபடுத்தலையும் அடியாகக் கொண்டவை. ஜப்பானியரோ அறுத்ததை மீண்டும் அறாததாக்கும் வழியையும் உடன் வைத்துக்கொண்டனர்.

வெட்டு ஒன்றே ஆதலின், வகைகள் கையின் நீளத்தாலும் ஓவியம் நிற்கும் இடத்தாலும் துணியாலும் பிரிகின்றன. மணமாகா மகளிர் விழாக்காலத்து உடுக்கும் நெடுங்கை உடை ஃபுரிசோதே. மணமான மகளிர்க்குரிய கருநிறத் தொமேசோதேயில் ஓவியம் இடைக்குக் கீழ் மட்டுமே அமையும். குலச்சின்னங்கள் ஐந்து பொறிக்கப்படும். கொமோன் உடல் முழுதும் சிற்றுருக்கள் பரந்தது. யுகாதா நீராடற்குரிய ஆடையாய்ப் பிறந்து கோடைகாலப் பருத்தியுடையாய் நிலைத்தது. இடப்புற மடிப்பு வலப்புறத்தின்மேல் வருதல் வேண்டும் என்னும் மரபு எல்லாவற்றிற்கும் பொது. இஃது 719-ஆம் ஆண்டு அரசாணையால் விதிக்கப்பட்டது. இறந்தோர்க்கே மாறி அணிவிப்பர்.

இனி நம் கரையைத் தொடும் செய்திக்கு வருவோம். எதோ காலத்தில் வணிகர் செல்வம் பெருகவே அவர்தம் ஆடம்பரத்தை அரசு ஒடுக்க முற்பட்டது. 1683-இல் பொன்னிழைத் துணி, பூவேலை, உடல் முழுதும் முடிச்சிட்டுச் சாயமேற்றிய துணி ஆகியவை மகளிர் உடையில் தடுக்கப்பட்டன. நகரமாந்தர் சுவை பழுப்பு, சாம்பல் நிறங்களிலும் மெல்லிய நெடுவரிகளிலும் அடங்கியது. அடங்கியது என்பதினும் ஒளிந்தது எனல் பொருந்தும். உள்துணியில் ஓவியம் தொடர்ந்தது. வரிக்கு ஜப்பானியத்தில் ஷிமா என்று பெயர். தீவைக் குறிக்கும் சொல்லும் அதுவே. கடல்கடந்து தென்றீவுகள் வழி வந்த துணியாதலின் அப்பெயர் பெற்றது என்பர். அவ்வரித்துணிகளுள் புகழ்பெற்றது சாந்தொமே. போர்ச்சுகீசியர் சான் தோமே எனப் பெயரிட்ட மயிலாப்பூர்க் குடியிருப்பின் பெயரே இது. வங்காளத்துப் பெயரால் பெங்காரா என்னும் வரியும் வழங்கியது.

போர்ச்சுகீசியர் 1639-இல் ஜப்பானினின்று விலக்கப்பட்டனர். 1662-இல் சாந்தோமையும் கோல்கொண்டாவிடம் இழந்தனர். பெயரிட்டவர் இரு கரைகளினின்றும் நீங்கிய பின்னரும் பெயர் நீங்கவில்லை. 1613 முதல் பழவேற்காட்டில் கோட்டை கொண்டிருந்த ஒல்லாந்தர், நாகசாகியின் தெஜிமா வழியாகச் சோழமண்டலத் துணியைக் கொண்டுசென்றனர்.

இதனைக் கொண்டு கிமோனோவே தமிழகத்துக் கொடை என முழங்குவார் உளராயின் அது பிழை. உடையின் வடிவத்திற்கும் நம் கரைக்கும் தொடர்பில்லை. சாந்தொமே என்னும் பெயரும் துறைமுகத்தையே காட்டுகின்றது. தறி எவ்வூரில் இருந்தது என்பதனைக் காட்டவில்லை. நெய்தவர் பெயரைக் கப்பற்கணக்குகளில் தேடுவார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

ஜப்பானியர் பின்னர் இத்துணியைத் தாமே நெய்தனர். ‘அயல்நாட்டுச் சாந்தொமே’ எனப் பொருள்பட்ட தொடர் தோசான் எனக் குறுகிற்று. காவகொயே நகரத் துணி காவதோ எனப்பட்டது. தோசானில் எஞ்சியது ‘சான்’ என்னும் ஓரசை. காவதோவில் அதுவும் இல்லை.