மாண்ட்ரியல்: பட்டியலில் யார் பெயர்?

2021 மே 10 அன்று மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி எட்மன்டன் அணியோடு மோதியது. கூடுதல் நேரத்தில் 4–3 என்று தோற்றாலும், கிடைத்த ஒரு புள்ளியே பிளே-ஆஃப் சுற்றில் இடம்பிடிக்கப் போதுமானதாக இருந்தது. ஊர் கொண்டாட வேண்டிய இரவு. ஆனால் ரசிகர்களின் கண் ஸ்கோரில் இல்லை, ஆட்டத்துக்கு முன் வெளியான பெயர்ப் பட்டியலில் இருந்தது. அன்று களமிறங்கியவர்களில், மாண்ட்ரியல் இருக்கும், பிரெஞ்சு பேசும் க்யூபெக் மாகாணத்தில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. நூறாண்டு தாண்டிய அணியின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அங்கே பிறந்த ஃபிலிப் டனோவுக்குக் காயம், ஜொனதன் ட்ருவான் விடுப்பில் என்று காரணம் இருக்கத்தான் செய்தது. காரணத்தை யார் கேட்டார்கள்? அதே ஆண்டு நவம்பரில், மாகாணத்தில் ஹாக்கியை வளர்ப்பது எப்படி என்று ஆராய க்யூபெக் அரசு ஒரு குழுவையே அமைத்துவிட்டது.

எந்த ஊர் ரசிகரும் தன் அணியில் யார் ஆட வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லத் தயங்குவதில்லை. மாண்ட்ரியல் ரசிகர் அந்தப் பட்டியலை வேறு கண்ணால் படிக்கிறார். கோல் கணக்கைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பார்க்கிறார்: இவன் எந்த ஊர், என்ன பேசுவான், பத்திரிகையாளர்கள் பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வானா? இந்தப் பழக்கம் இடையில் வந்ததல்ல. அணி பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது.

1909 டிசம்பர் 4 அன்று கனேடியன்ஸைத் தொடங்கியவர் ஆம்ப்ரோஸ் ஓ'பிரையன், வெள்ளிச் சுரங்கப் பணக்காரக் குடும்பத்து வாரிசு, பிரெஞ்சுக்காரர் அல்லர். மாண்ட்ரியலில் ஏற்கெனவே ஆங்கிலேயரின் வாண்டரர்ஸ் அணி இருந்தது. அதற்கு எதிரே பிரெஞ்சு மக்களின் அணி ஒன்றை நிறுத்தினால் டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. ஆக, எதிரி முதலில் தயாராக இருந்தார், அணி பிறகு வந்தது. பிரெஞ்சு ஆட்டக்காரர்களை எடுப்பதில் கனேடியன்ஸுக்கே முதல் உரிமை என்று ஏற்பாடும் ஆயிற்று. வியாபாரத் தந்திரமாக ஆரம்பித்த ஒன்றை ஊர் மனப்பூர்வமாக நம்பிவிட்டது.

நம்பிக்கை ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம். சில ஆண்டுகளிலேயே ஆங்கிலப் பெயர்களும் பட்டியலில் ஏறின. 1920-களிலும் 30-களிலும் ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய ஹவி மொரென்ஸ் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர். 1937-இல் ஆட்டத்தில் கால் முறிந்து, மருத்துவமனையிலேயே அவர் இறந்தபோது உடலை ஃபோரம் அரங்கின் நடுவில் வைத்துத்தான் அஞ்சலி செலுத்தினார்கள். பிரெஞ்சு ரசிகர்கள் ரத்தம் பார்த்து மட்டுமே கைதட்டினார்கள் என்று சொல்பவர்கள் மொரென்ஸை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஃபோரமே கனேடியன்ஸுக்காகக் கட்டப்பட்டதல்ல. வாண்டரர்ஸின் அரங்கம் 1918-இல் எரிந்து அணியும் காணாமல் போன பிறகு, நகரத்து ஆங்கிலேயருக்கென்று 1924-இல் மரூன்ஸ் என்ற அணி வந்தது. ஃபோரம் அவர்களுடையது. கனேடியன்ஸின் அரங்கில் இயற்கைக் குளிரை நம்பித்தான் பனித்தளம் உறைய வேண்டும். அந்த ஆண்டு அது நேரத்துக்கு உறையவில்லை. அதனால் 1924 நவம்பர் 29 அன்று எதிராளியின் புத்தம்புது அரங்கில் முதல் ஆட்டத்தை ஆடியது கனேடியன்ஸ். டொரன்டோவை 7–1 என்று உதைத்தும் அனுப்பியது. வீட்டுக்காரர் பால் காய்ச்சுவதற்குள் பக்கத்து வீட்டார் விருந்து வைத்த மாதிரி. மரூன்ஸ் இரண்டு முறை ஹாக்கியின் உச்சக் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றும், பொருளாதார மந்தத்தைத் தாக்குப்பிடிக்க முடியாமல் 1938-இல் ஓய்ந்தது. அதன் ரசிகர்களில் பலர் வேறு வழியின்றி எதிர் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே அணி, இரண்டு மொழி ரசிகர்கள் என்ற நிலை அப்போதிலிருந்துதான்.

இந்த இரு தரப்பையும் ஒரே நேரத்தில் நாற்காலியிலிருந்து எழுப்பியவர் மொரிஸ் ரிஷார். 9-ஆம் எண் சட்டை. 1944–45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல். அவரோடு முன்வரிசையில் ஆடிய எல்மர் லாக் சஸ்காச்சுவனிலிருந்தும், டோ பிளேக் ஒன்டாரியோவிலிருந்தும் வந்தவர்கள். ஆனாலும் சுவரில் மாட்டிய படம் ரிஷாருடையதுதான். முதலாளி ஆங்கிலத்திலும் தொழிலாளி பிரெஞ்சிலும் பேசிய காலத்து மாண்ட்ரியலில், ஆங்கிலம் தடுமாறும் ஒருவன் எல்லா ஊரிலும் போய் அடித்து ஜெயிக்கிறான் என்பது சின்ன விஷயமா?

1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் ஹால் லேகோவின் மட்டை ரிஷாரின் தலையைக் கிழித்தது. ரிஷார் திருப்பி மட்டையால் தாக்கினார். தடுக்க வந்த நடுவர் குழுவினர் ஒருவரையும் குத்திவிட்டார். மூன்று நாள் கழித்து, தேசிய ஹாக்கி லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் தீர்ப்புச் சொன்னார்: பருவத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களும் கிடையாது, பிளே-ஆஃபும் கிடையாது. நடுவரை அடித்தவருக்குத் தண்டனை கொடுத்ததில் தவறில்லை என்று இன்று நிதானமாகச் சொல்லலாம். அன்று நிதானத்துக்கு இடமில்லை. கேம்ப்பெல் ஆங்கிலேய வழக்கறிஞர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரைக் கடுமையாக விமர்சித்துப் பத்திரிகையில் எழுதிய ரிஷார், அந்தப் பத்தியையே நிறுத்த வேண்டி வந்திருந்தது. கணக்கு தீர்த்துவிட்டார் என்றே ஊர் முடிவு கட்டியது.

மறுநாள், மார்ச் 17. ஃபோரத்தில் டெட்ராய்ட் அணியுடன் ஆட்டம். வர வேண்டாம் என்று எச்சரித்தும் கேம்ப்பெல் வந்தார், அதுவும் ஆட்டம் தொடங்கிய பிறகு, எல்லோரும் பார்க்க. முட்டையும் தக்காளியும் பறந்தன. ஒருவர் கைகுலுக்க வருவதுபோல் அருகே வந்து அறைந்தார். முதல் பகுதி முடிந்ததும் கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. 4–1 என்று முன்னிலையில் இருந்த டெட்ராய்ட்டுக்கே வெற்றி என்று அறிவித்து அரங்கைக் காலி செய்தார்கள். வெளியே வந்த கூட்டம் செயின்ட் கேத்தரின் வீதியில் கண்ணில் பட்ட கடைக் கண்ணாடியையெல்லாம் நொறுக்கிக்கொண்டே போனது. அடுத்த நாள் ரிஷாரே ஒலிபரப்பில் பேசி, தண்டனையை ஏற்கிறேன், அமைதியாக இருங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஊர் அடங்கியது.

கண்ணாடி உடைந்ததைவிட, அதற்கடுத்த சில நாட்களில் நடந்ததுதான் ரசிக மனத்தின் உள்ளறையைக் காட்டுகிறது. அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களின் புள்ளிப் பட்டியலில் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) உச்சியில் இருந்தவர் ரிஷார். அவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது, சக ஆட்டக்காரர் பெர்னி ஷெஃப்ரியோன் 75 புள்ளிகள் எடுத்து ஒரே ஒரு புள்ளியில் அவரைத் தாண்டிவிட்டார். ஷெஃப்ரியோனும் மாண்ட்ரியல் பையன், பிரெஞ்சுக்காரர், அதே சிவப்புச் சட்டை. அவரைச் சொந்த அரங்கிலேயே ஊளையிட்டு அவமானப்படுத்தினார்கள். கோல் அடிக்காமல் இருந்திருக்க வேண்டுமாம்! புள்ளிப் பட்டத்தை ரிஷார் கடைசிவரை வெல்லவே இல்லை. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள் மட்டும் வந்தன.

எதிரிகளைப் பற்றி இவர்களுக்கு உள்ள அபிப்பிராயத்திலும் தரவரிசை உண்டு. டொரன்டோ என்பது ஆங்கில கனடா. ரோக் காரியே 1979-இல் வெளியிட்ட ஹாக்கிச் சட்டைக் கதையை அந்த நாட்டில் அறியாதவர் குறைவு. கிராமத்துப் பையன்கள் எல்லோரும் ரிஷாரின் 9-ஆம் எண் சட்டை போட்டுத் திரியும்போது, கடைக்காரர் தவறுதலாக அனுப்பிய டொரன்டோவின் நீலச் சட்டையை ஒருவன் மாட்டிக்கொண்டு நிற்க நேர்கிறது. அவ்வளவுதான் கதை. அதன் வரி ஒன்று கனடாவின் ஐந்து டாலர் நோட்டிலேயே இடம்பெற்றது. டொரன்டோ கடைசியாகக் கோப்பை வென்றது 1967-இல், அதுவும் மாண்ட்ரியலைத் தோற்கடித்து. அதைச் சொன்னால் மாண்ட்ரியல்காரர் பதிலுக்கு ஆண்டைக் கணக்குப் பார்க்கச் சொல்வார்.

பாஸ்டனைப் பொறுத்தவரை பகை உண்டு, ஆனால் கொஞ்சம் இளக்காரமும் கலந்த பகை. 1946 முதல் 1987 வரை பிளே-ஆஃபில் சந்தித்த 18 தொடர்களிலும் பாஸ்டன் மாண்ட்ரியலிடம் தோற்றது. 1979-இல் ஏழாவது ஆட்டம் முடிய மூன்று நிமிடம்கூட இல்லாதபோது முன்னிலையில் இருந்த பாஸ்டன், களத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக இறக்கி அபராதம் வாங்கியது. மாண்ட்ரியலின் கீ லஃப்லர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் இவான் லம்பேர் முடித்துவைத்தார். அந்த லஃப்லர் மாண்ட்ரியலுக்குக் கிடைத்ததும் மேலாளர் சாம் பொலக்கின் சாமர்த்தியம். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், கலிஃபோர்னிய அணி ஒன்றின் 1971 முதல் சுற்று வாய்ப்பை ஓராண்டு முன்னதாகவே வாங்கிவைத்திருந்தார். அந்த அணி கடைசி இடத்துக்கு வந்தது. கடைசி அணிக்கே முதல் தேர்வு என்பதால், முதல் ஆளாக லஃப்லர் வந்து சேர்ந்தார்.

அதே 1971-இல் பயிற்சியாளராக இருந்தவர் ஆல் மக்னீல், நோவா ஸ்கோஷியாக்காரர், பிரெஞ்சு தெரியாதவர். இறுதித் தொடரில் மொரிஸின் தம்பி ஹென்றி ரிஷாரை வெளியே உட்காரவைத்தார். ஹென்றி பத்திரிகைக்காரர்களிடம் அவரைக் கிழித்தெடுத்தார். மொழிப் பிரச்சினையாக அது வெடிக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. மக்னீலுக்குக் கொலை மிரட்டல், பாதுகாவலர்களோடு வேலை. ஏழாவது ஆட்டத்தில் சமன் செய்த கோலும் வெற்றி கோலும் ஹென்றியே அடித்தார். கோப்பை வந்தது, மக்னீல் போனார். அடுத்து வந்த ஸ்காட்டி போமன் இரண்டு மொழியும் பேசும் உள்ளூர்க்காரர். கோப்பை வென்ற பயிற்சியாளரை இப்படி அனுப்பியது அநியாயம்தான். ஆனால் ஹென்றியை உட்காரவைத்ததும் புத்திசாலித்தனம் அல்ல.

எதிரிகளின் வரிசையில் மிகக் கசப்பான பகை ஆங்கிலேயரோடு வரவில்லை. 1979-இல் க்யூபெக் நகரத்தின் நோர்டீக்ஸ் அணி தேசிய லீகில் சேர்ந்ததும், 'எங்கள் அணி' என்பதற்கு இன்னொருவர் உரிமை கொண்டாட ஆரம்பித்தார். அவர்களின் நீலச் சட்டையில் க்யூபெக் கொடியிலுள்ள அல்லி மலர். மாண்ட்ரியலின் உடைமையாளர் மோல்சன் பீர் கம்பெனி, நோர்டீக்ஸின் உடைமையாளர் போட்டிக் கம்பெனியான கார்லிங் ஓ'கீஃப். மதுக்கடையில் கேட்கும் பீரை வைத்தே ஆளின் கட்சி தெரிந்துவிடும் காலம்.

1982-இல் டேல் ஹன்ட்டர் கூடுதல் நேரத்தில் அடித்த கோலில் நோர்டீக்ஸ் மாண்ட்ரியலை வெளியேற்றியது. 1984 ஏப்ரல் 20, புனித வெள்ளி. ஃபோரத்தில் இரண்டாம் பகுதி முடிந்ததும் இரு அணியும் மொத்தமாக மோதின. ஓய்வுக்குப் பிறகு, யார் யார் வெளியேற்றப்பட்டார்கள் என்று அறிவித்து முடிப்பதற்குள் மறுபடியும் கைகலப்பு. மொத்தம் 252 அபராத நிமிடங்கள். டேல் ஹன்ட்டர் ஒரு பக்கம், அவருடைய தம்பி மார்க் ஹன்ட்டர் எதிர்ப் பக்கம். 2–0 என்று பின்தங்கியிருந்த மாண்ட்ரியல் கடைசிப் பகுதியில் ஐந்து கோல் அடித்து 5–3 என்று வென்றது. 1987-இல் நோர்டீக்ஸின் அலேன் கோத்தே அடித்த கோலை நடுவர் கெரி ஃப்ரேசர் செல்லாது என்றார். க்யூபெக் நகரத்தில் அது கோல்தான் என்று வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1995-இல் நோர்டீக்ஸ் விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குப் போனது, பெயரும் கொலராடோ அவலாஞ்ச் ஆனது. பகை ஒழிந்தது என்று மாண்ட்ரியல் மூச்சு விட்ட அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, டெட்ராய்ட் ஃபோரத்துக்கு வந்து 11–1 என்று வென்றது. ஒன்பது கோல் விழும்வரை கோல்கீப்பர் பாட்ரிக் ர்வாவை மாற்றாமல் நிறுத்திவைத்தார் பயிற்சியாளர் மரியோ ட்ரம்ப்ளே. கடைசியில் வெளியே வந்த ர்வா, பயிற்சியாளரைத் தாண்டி நேராக அணியின் நிர்வாகத் தலைவர் ரொனால்ட் கோரியிடம் போய், மாண்ட்ரியலுக்கு இதுவே தன் கடைசி ஆட்டம் என்றார். நான்கு நாளில் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நோர்டீக்ஸ் க்யூபெக்கிலேயே இருந்திருந்தால் அந்தப் பேரத்தை எந்த மேலாளரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ர்வா அதே பருவத்தில் கொலராடோவுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

பேரத்தைச் செய்த மேலாளர் ரெஜான் ஊல், பதவிக்கு வந்து இரண்டு மாதம் ஆகாதவர். 1969-இல், பிரெஞ்சு இளைஞர்களை முதலில் எடுக்க மாண்ட்ரியலுக்கு இருந்த சிறப்புச் சலுகை கடைசியாகப் பயன்பட்டபோது எடுக்கப்பட்டவர் அவர். நடுவில் சில ஆண்டுகள் நோர்டீக்ஸுக்கே ஆடிவிட்டுத் திரும்பியவரும்கூட. உள்ளூர்க்காரன் பொறுப்பில் இருந்தால் எல்லாம் சரியாகும் என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை: தலைவர், மேலாளர், பயிற்சியாளர், கோல்கீப்பர் நால்வருமே பிரெஞ்சுக்காரர்கள்.

டிராஃப்டில் யாரை எடுப்பது என்ற சண்டையும் ஓயவில்லை. 1980-இல் முதல் தேர்வாக டக் விக்கன்ஹைசரை எடுத்து, மாண்ட்ரியலில் வளர்ந்த டெனி சவார்டைச் சிகாகோவுக்கு விட்டுவிட்டார்கள். சவார்ட் அங்கே நட்சத்திரமானார். பத்தாண்டு கழித்து அவரைத் திருப்பி வாங்க கிறிஸ் செலியோஸைக் கொடுக்க வேண்டி வந்தது. 2022-இல் டிராஃப்ட் மாண்ட்ரியலிலேயே நடந்தது, முதல் தேர்வும் அவர்களுடையது. ஒன்டாரியோவின் ஷேன் ரைட் வருவார் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்திருக்க, ஸ்லோவாக்கியாவின் யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை அழைத்தார்கள். நான்காவதாகச் சியாட்டிலுக்குப் போன ரைட், தன் முதல் லீக் கோலை அந்த டிசம்பரில் மாண்ட்ரியலுக்கு எதிராகவே அடித்தார். ஸ்லாஃப்கோவ்ஸ்கி முதல் பருவத்தில் தடுமாறி, இரண்டாம் பருவத்தில் 20 கோல் அடித்தார். ரைட்டா ஸ்லாஃப்கோவ்ஸ்கியா என்று மாண்ட்ரியலில் யாரிடமாவது கேட்டால், விக்கன்ஹைசரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.