ஊரில் முளைக்காத பூவுக்கு மகுடம்

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி மினசோட்டா மாநிலத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது. அந்த மாநிலப் பெண்கள் லேடிஸ் ஸ்லிப்பர் என்ற ஆர்க்கிட்டைப் பரிந்துரைத்தார்கள், சட்டமன்றமும் தலையாட்டியது. ஆனால் தீர்மானத்தில் ஏறிய தாவரவியல் பெயர் சிப்ரிபீடியம் கால்சியோலஸ். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வளரும் மஞ்சள் பூ அது. மினசோட்டாவில் ஒரு செடிகூட முளைப்பதில்லை.

பிழையைச் சுட்டிக்காட்டியவர்களும் பெண்களே. செயின்ட் அந்தோணி படிப்பு வட்டத்தினர் விஷயத்தைக் கிளப்ப, 1902இல் அந்த இடத்துக்கு சிப்ரிபீடியம் ரெஜினே வந்தது. வெள்ளை இதழ்கள், நடுவில் இளஞ்சிவப்புப் பை, ஏறக்குறைய நான்கடிவரை உயரும் தண்டு. சதுப்பிலும் ஈரக் காடுகளிலும் ஜூன் கடைசியில் பூக்கும். அழகைப் பார்த்துக் கைவைத்தால் அரிப்புதான்: இலையிலும் தண்டிலும் உள்ள மயிர்கள் தோலைப் புண்ணாக்கும் என்று டி. டி. மக்டூகல் என்ற தாவரவியலாளர் 1894இலேயே எழுதியிருக்கிறார்.

அரிப்புக்கு அஞ்சியவர்கள் குறைவுபோலும். 1925இல் சட்டம் போட வேண்டியதாயிற்று. பறிக்கவோ வேரோடு பிடுங்கவோ கூடாது என்றது அது. காரணம் இல்லாமல் இல்லை. தூசிபோன்ற விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை வாய்த்தால்தான் முளைக்கும். முதல் பூவுக்குப் பதினாறு ஆண்டுகள்கூட ஆகலாம். இலைகள் வரிசையாக ஏறும் தண்டின் உச்சியில்தான் பூ இருக்கிறது. நீளமாக ஒடித்தால் அடுத்த ஆண்டுக்கான உணவைச் சமைக்கும் இலைகளும் கூடவே போய்விடும்.

பறிப்பவரைத் தடுக்கச் சட்டம் வந்தது, சரி. பூவுக்கு உண்மையான கேடு வடிகால் வெட்டியவர்களிடமிருந்தே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஐரோப்பியர் குடியேறிய காலந்தொட்டு மினசோட்டாவின் ஈரநிலங்களில் ஏறத்தாழப் பாதி மறைந்துவிட்டன, பெரும்பகுதி வயலாயிற்று. வேடிக்கை என்னவென்றால், மாநிலத்தின் வடக்கே 11ஆம் எண் நெடுஞ்சாலையோரப் பள்ளங்களில் இந்தப் பூ இன்றும் கொத்துக் கொத்தாக நிற்கிறது. சாலை போட வெட்டிய பள்ளத்தில் தேங்கும் ஈரம் அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவும் 1947இல் லேடிஸ் ஸ்லிப்பரைத் தன் மலராக்கியது. ரெஜினே அங்கே அரிதாகிப்போனதால், எளிதில் கண்ணில்படும் சிப்ரிபீடியம் அக்காலே 1965இல் அதன் இடத்தைப் பிடித்தது. மினசோட்டா மாற்றவில்லை; 1967இல் ரெஜினேயையே மாநில மலராகச் சட்டத்திலும் எழுதிவைத்தது.