ஆழிக்குமரன் ஆனந்தன்

விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் (25 மே 1943 – 6 ஓகஸ்ட் 1984) இலங்கையின் நெடுந்தூர நீச்சல் வீரர், தொழிலால் சட்டத்தரணி. பருத்தித்துறைக்கு மேற்கே, கரையோர வீதியில் உள்ள வல்வெட்டித்துறையில் பிறந்தார். ஆழிக்குமரன் என்ற பட்டமே பெயராக நிலைத்துவிட்டது.

அவ்வூர் அமைந்த வடமராட்சிக் கரையோரம் கடலோடிகளின் ஊர். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. கப்பலில் கடக்கும், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான பாக்கு நீரிணையைக் கையாலும் காலாலும் கடக்கலாம் என்று முதலில் காட்டியவர் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1954இல் அவர் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடிக்கரையில் ஏறினார்.

ஆனந்தன் செய்தது அதற்கும் மேலே. 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணித்தியாலம். நேர்கோட்டில் ஒரு வழி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். ஆனால் அந்தக் கடலில் நேர்கோடு கிடையாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும்; ஒரு மணித்தியாலம் கையடித்தும் நின்ற இடத்திலேயே நிற்க நேரும். போதாக்குறைக்கு, அவர் தொட்டுத் திரும்பிய தனுஷ்கோடி 1964 புயலில் அழிந்துபோன ஊர். இரண்டு இரவுகளை நீரிலேயே கழித்த அந்த நீச்சலே அவர் வாழ்வின் உச்சம்.

மற்றச் சாதனைகளில் பல தரையில் நடந்தவை. 1979 மே 2 முதல் 10 வரை கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். தூரம் 2,394 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 13 கிலோமீற்றரைத் தொடவில்லை. அங்கே எதிராளி தூக்கம்தான். அடுத்த ஆண்டு ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றார். 1981இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் மிதந்தார். இவற்றை வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. பூங்காவில் சைக்கிள் மிதித்ததற்கும் நடுக்கடலில் விடியும்வரை கையடித்ததற்கும் தேவைப்பட்டது ஒரே பிடிவாதம் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

மிஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். அதன் மிகக் குறுகிய இடம் 34 கிலோமீற்றர். பாக்கு நீரிணையை இருவழியும் கடந்தவருக்கு அந்தத் தூரம் பெரிதல்ல. பெரிது குளிர். பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. கால்வாயிலோ கோடையிலும் 18 பாகை செல்சியஸ் அளவுதான். உடலை மூடும் காப்புடை அணியவும் மரபான விதி இடங்கொடாது. 1984 ஓகஸ்ட் 6 அன்று அந்தக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

வல்வெட்டித்துறை ரேவடிக் கடற்கரையில் உள்ள நீச்சல் தடாகம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.