கெடாத் தோட்டங்களில் நம்மவர்

யூதர் குடியேறிய நாடுகளுக்குத் தம் மறைநூலையும் எழுத்தறிவையும் உடன்கொண்டு சென்றனர் என்பது வரலாறு. கடாரமென நம் முன்னோர் அழைத்த கெடாவில், திகாம் பத்து, பீடோங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணி அழைத்துச் சென்ற நம்மவர் கொண்டு போனவை யாவை? மாரியம்மன் சென்றாள், கூடவே சாதியும் சென்றது. அங்குக் காத்திருந்ததோ கள்ளுக்கடை! பால்மரம் வெட்டி ஈட்டிய கூலி அதிலேயே கரைந்தது.

1938இல் இந்திய அரசு தடை விதிக்கவே, புதிய கூலியாட்கள் வரத்து நின்றது. இருந்தவருள் பலர்க்கு அம்மண்ணே ஊராயிற்று. ஊரானால் அதைத் திருத்த வேண்டாமா? போருக்குப்பின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை முன் மறியல் செய்தோர், 1947இல் போலீசாரின் தாக்குதலுக்கும் சிறைக்கும் ஆளாயினர்.

படை ஒடுக்கப்பட்டது மெய்யே. எனினும், தம் குறையைத் தாமே களைய முனைந்த அன்றே அவர்கள் அந்நாட்டு மக்களாயினர் என நாம் கொள்ளுகிறோம். அதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருத்தல் நன்றி மறத்தலாகும்.